தானாக மாறும் வருடம்

முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டுக்காரர் மகன் வேல்ராஜ் ராமநாதபுரத்தில் வெப்சைட் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறான் என்றால் ஊரில் யார் நம்பினார்கள்? "அதுல என்னத்தலே விக்கிற?" என்று அவனுடைய அய்யா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கையில் தொட்டுப் பார்க்க முடியாத சரக்கு, என்னவென்று சொல்வான். ஆனாலும் பிழைப்பு ஓடியது. ராமேஸ்வரத்து லாட்ஜுகள், மண்டபத்து ஐஸ் கம்பெனி, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கீழக்கரை ஆபீஸ்கள் என்று எல்லாருக்கும் அவன்தான் வெப்சைட் பக்கம் போட்டுக் கொடுத்தான்.

அந்தப் பக்கங்களின் அடியில் ஒரு வரி இருக்கும். வட்டத்துக்குள் ஓர் ஆங்கில சி, அதன் பக்கத்தில் வருடம், பிறகு கம்பெனி பெயர், அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை என்ற வாசகம். பதிப்புரிமையாவது மண்ணாவது, லாட்ஜ் கட்டிலின் படத்தை எவன் திருடிக்கொண்டு போகப்போகிறான்? ஆனால் ஜனவரி பிறந்தால் போதும், போன் மேல் போன். "வேலு, கீழ இன்னும் போன வருசமே நிக்கிதுப்பா. பாக்குறவன் கடையப் பூட்டியாச்சுனு நெனைக்க மாட்டானா?" நியாயம்தான். அவனும் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து வருடத்தைத் திருத்துவான். பொங்கலுக்கு ஊருக்குப் போனாலும் விடமாட்டார்கள். ஒரு வருடம் வந்த எரிச்சலில், வருடம் தானாகவே மாறிக்கொள்ளும்படி எல்லாப் பக்கத்திலும் ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டான். விட்டது சனியன் என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒருத்தரும் கூப்பிடவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஊரில் அவன் ஒரு புத்திமதி சொல்லி வைத்திருந்தான். மழை பொய்த்து மிளகாய் கருகிப்போன காலங்களில் பையன்கள் வளைகுடாவுக்குப் போக ஆளாய்ப் பறந்தார்கள். அவர்களை ஏமாற்றவும் ஆட்கள் முளைத்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்து வேல்ராஜ் பையன்களுக்கு போனைக் காட்டிச் சொல்லுவான். "மேல இருக்குற பளபளப்பப் பாத்து மயங்காதீங்கடா. நேரா கீழ போயி வருசத்தப் பாரு. பழசு கெடந்தா அந்தக் கம்பெனி செத்துப்போச்சு, கிட்டயே போகாத. இந்த வருசம் இருந்தா யாரோ உசுரோட ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்காங்கனு அர்த்தம்." நல்ல புத்திமதிதான். அந்த ஒரு வரியை எழுதிய அன்றே அது செல்லாக்காசாகிவிட்டது. அதை ஊருக்குள் போய்ச் சொல்ல வேண்டும் என்று மகராசனுக்குத் தோன்றவே இல்லை.

கீழக்கரையில் சுஐபு என்று ஒரு பெரியவர் ஆள் அனுப்பும் ஆபீஸ் வைத்திருந்தார். நாணயமான மனிதர். போன இடத்தில் ஒருத்தனுக்குச் சோறு சரியில்லை என்றால்கூட இங்கிருந்து போன் போட்டுச் சண்டை பிடிப்பார். கொரோனாவின் இரண்டாவது அலை அவரைக் கொண்டுபோய்விட்டது. ஆபீஸை மூடினார்கள். "பக்கத்த எடுத்துரவா?" என்று அவருடைய மகன் ஸுஹைரிடம் வேல்ராஜ் கேட்டான். "கெடக்கட்டும்ணே. வாப்பா படம் அதுல நல்லா விழுந்திருக்கு. அப்பப்ப பாத்துக்குவேன்" என்றான் ஸுஹைர். பக்கம் அப்படியே கிடந்தது. சுஐபு சிரித்துக்கொண்டிருந்தார், அடியில் வருடம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. அதில் போட்டிருந்த ஆபீஸ் போன் நம்பரை யாரும் புதுப்பிக்கவில்லை. போன் கம்பெனி அதை எவனோ ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டது. அவன் யார், எந்த ஊர் என்று இன்றுவரை தெரியாது. வேலை கேட்டு முன்பின் தெரியாத ஆட்கள் கூப்பிடக் கூப்பிட, தானாக வந்து விழும் இரையை ஏன் விடுவது என்று அந்தப் பாவி சுஐபு ஆபீஸ் ஆளாகவே பேச ஆரம்பித்தான்.

வேல்ராஜின் அக்கா நாகலெட்சுமி சொந்த ஊரிலேயே பொன்னுச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒரே மகன் யோகேஸ்வரன். காட்டில் விளைச்சல் இல்லாமல் வாலிநோக்கம் உப்பளத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். கால் வெடித்து ரத்தம் வரும், அதில் உப்புத் தண்ணீர் ஏறும். போதுமடா சாமி என்று அவன் வெளிநாட்டுக்கு முயற்சி செய்தது மாமனுக்குத் தெரியாது. தெரியாமல் வைத்தார்கள். பயணம் கூடுவதற்கு முன்னால் வெளியே சொன்னால் கண்பட்டுப் போகும் என்று அந்த வட்டாரத்தில் பெற்றவள் கூடப்பிறந்த தம்பியிடம்கூட மூச்சு விடமாட்டாள். நாகலெட்சுமியும் அப்படித்தான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பையன் மதுரை விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. வெளிநாடு போறேன். அம்மாதான் சொல்லவேணாம்னுச்சு."

வேல்ராஜுக்குக் கோபமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. "போயிட்டு வாலே. எந்த ஆபீஸ் மூலமா போற?"

"கீழக்கரையில சுஐபு பாய் ஆபீஸ். எல்லாம் போன்லயே முடிச்சுக் குடுத்துட்டாங்க. நீங்க சொன்ன மாதிரியே கீழ வருசத்தப் பாத்துட்டுத்தான் மாமா பேசினேன்."

சுஐபுவை அடக்கம் செய்த அன்று பள்ளிவாசல் வாசலில் நின்றவன் வேல்ராஜ். ஆனால் அந்த நேரத்தில் மனசு என்ன செய்தது தெரியுமா? ஒருவேளை மகன் மறுபடியும் ஆபீஸைத் திறந்திருப்பானோ என்று ஒரு சமாதானம் சொன்னது. நல்ல காரியத்துக்குப் புறப்பட்ட பிள்ளையை வாசலில் நிறுத்தி அபசகுனமாகப் பேச நாக்கு எழவில்லை. "சரிப்பா, பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு ஸுஹைரைக் கூப்பிட்டான். ஸுஹைர் போனை எடுக்கவில்லை. தொழுகையில் இருந்திருக்கிறான். அவனே திருப்பிக் கூப்பிட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது.

"என்னண்ணே சொல்றீங்க? வாப்பா மவுத்தானதோட மூடுனது, தெறக்கவே இல்லையே."

பையன் அப்போது வானத்தில் இருந்தான்.

வேல்ராஜ் அந்தப் பக்கத்தை அன்றே எடுத்துவிட்டான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்த நம்பர் அணைந்து போயிருந்தது. போலீசில் புகார் எழுதிக் கொடுத்தான், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களை எல்லாம் தேடிப் பேசினான். அங்கே யோகேஸ்வரனுக்குக் கம்பெனியும் இல்லை, கேட்பாரும் இல்லை. கையில் இருந்தது சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் விசா. எவனோ ஒரு மேஸ்திரி கட்டட வேலைக்கு இழுத்துப் போயிருக்கிறான். "நல்லா இருக்கேன்மா" என்று சில தடவை பேசினான். பிறகு பேச்சு நின்றது. சித்திரை வெயிலுக்கே நாம் செத்துப் பிழைக்கிறோம், அந்த ஊர் வெயிலைச் சொல்லவா வேண்டும். கம்பி சுமந்துகொண்டிருந்தவன் அப்படியே விழுந்தானாம். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு மாரடைப்பு.

சேதி வந்த மறுநாள் நாகலெட்சுமி தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"ஏன்டா வேலு, அந்த பாய் செத்துப்போயி வருசம் பல ஆச்சுங்குறாங்களே. எம்புள்ள எங்கிட்டயும் காட்டினான். கீழ இந்த வருசந்தான் இருந்துச்சு. செத்த ஆளு கடைக்கு யாருடா வந்து மாத்துனா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த மோசக்காரன் மாற்றினான் என்றால் நம்பிவிடுவாள். வேல்ராஜுக்கு அது வாய்வரை வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"யாரும் மாத்தலக்கா. அது தானா மாறும். அப்படி எழுதி வச்சது நான்தான்."

அவள் திட்டவில்லை, அடிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

உடல் வந்து சேர வெகுநாள் ஆனது. பெட்டியை வீட்டு வாசலில் இறக்கினார்கள். அந்த ஊர் வழக்கப்படி, கல்யாணம் ஆகாத பிள்ளையின் உடலுக்குப் போர்த்தும் முதல் கோடித்துணி தாய்மாமனுடையது. வேல்ராஜ் புது வேட்டியும் மாலையுமாக வந்து நின்றான். ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிவிட்டார்.

"தாய்மாமன் வாப்பா. ஒன் கோடியப் போடு, மத்தவுக போடட்டும்."

நாகலெட்சுமி பெட்டியின் மேல் குறுக்கே கையை வைத்தாள்.

"அவன் கோடி வேணாம்."

பொன்னுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர்தான் மெதுவாகச் சொன்னார். "அப்படிச் சொல்லாத தாயி. என்ன இருந்தாலும் மாமன் முறைனு ஒண்ணு இருக்குல்ல."

அவள் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். சேதி வந்த மறுநாளுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தாள்.

"மாமன் முறையத்தான் அவன் முன்னாடியே செஞ்சு முடிச்சுட்டானே."

பெரியவர் விலகிக்கொண்டார். பொன்னுச்சாமியின் பங்காளிகள் முன்னால் வந்து தங்கள் கோடியைப் போட்டார்கள். வேல்ராஜ் மடிப்புக் கலையாத வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒதுங்கி நின்றான்.