அப்பாவுக்குப் போட்ட கோட்

அப்பா உயிரோடு இருந்தவரை கோட் போட்டதே இல்லை. அவர் செத்து முப்பத்தோராம் நாள் நாங்கள் அச்சடித்துக் கொடுத்த நினைவுப் புத்தகத்தில்தான் போட்டார். தம்பி கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவில் பழைய படமொன்றைக் கொடுத்து, முகத்தை மட்டும் எடுத்து, கோட்டும் டையும் மாட்டுவித்திருந்தான். கீழே, 'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட' என்று இருந்தது. அப்பா யாழ்ப்பாணத்துக்கு ஒருதரம்கூடப் போனதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவீட்டில் சண்டை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். அது நான் விட்ட பிழை.

ஸ்டூடியோவிலிருந்து அந்தப் பழைய படத்தைத் திருப்பி வாங்கியது நான். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பன்னிரண்டு பேர், எல்லாரும் வெறும் மேலோடு நிற்கிறார்கள். ஓரத்தில் இருபது வயதும் ஆகாத அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். பின்பக்கத்தில் பென்சிலால் இராமநாதபுரத்துப் பக்கம் ஓர் ஊரின் பெயர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொட்டாஞ்சேனையில் இருந்தவரை நாங்கள் அதை ஒளிக்கவில்லை. வெள்ளவத்தைக்கு வந்து, சுற்றிவர யாழ்ப்பாணத்து ஆட்கள், இந்தியாவிலிருந்து வந்தவர்களை ஒருபடி கீழாகப் பார்ப்பவர்கள் என்றதும் தம்பி முதலில் பேச்சை மாற்றினான், பிறகு ஊரை மாற்றினான். நானும் கூடச் சேர்ந்து 'ஓம், ஓம்' என்று தலையாட்டப் பழகினேன், பொய் சொல்வானேன்.

மற்றப் பதினொரு பேரும் யார் என்று அறிய, நூலகத்தில் பழைய குடிசன மதிப்பீட்டுப் புத்தகங்களைப் புரட்டினேன். கொழும்பில் இந்தியத் தமிழர் ஆண் இத்தனை, பெண் இத்தனை. ஒரு பெயர் கிடையாது. அந்தத் தலைக்கணக்கில் ஒரு தலை என் அப்பாவுடையது. அதையும் சொந்தப் பிள்ளைகளான நாங்களே அழித்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

இந்தமுறை குடிசன மதிப்பீட்டுக்கு ஆள் வந்த ஞாயிற்றுக்கிழமை, என் மகளைப் பார்க்க மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தகப்பனில்லாத பிள்ளை என்பதால் மாமன் என்ற முறையில் தம்பிதான் பேசினான். மகளுக்குப் பையனை நல்ல விருப்பம். இது குழம்பிவிடக் கூடாதே என்று எனக்கும் இருந்தது. மாப்பிள்ளையின் தாய் அந்த நினைவுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "யாழ்ப்பாணத்தில எந்தக் கோயிலடி?" என்று அப்பா இருந்த இடத்தை விசாரித்தார்.

"அது... டவுனுக்குக் கிட்ட," என்று தம்பி மென்று விழுங்கினான்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. கணக்கெடுக்கும் டெப் கணினியைக் கையில் பிடித்தபடி ஒரு சிங்களப் பிள்ளை. வாசலில் நின்றபடியே அரைகுறைத் தமிழில் பெயர், வயது எல்லாம் கேட்டுத் தட்டினாள். "இனம்? இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா?"

"இலங்கைத் தமிழர். எல்லாருக்கும் அதையே போடுங்கோ," என்று தம்பி உள்ளே இருந்து சத்தமாகச் சொன்னான்.

"மிஸ், வீட்டுக்காரி நான்," என்றேன். "எனக்கு இந்தியத் தமிழர் எண்டு போடுங்கோ. என்ர அப்பா இராமநாதபுரத்தில இருந்து வந்து ஹாபர்ல மூட்டை தூக்கினவர். நான் பிறந்தது கொட்டாஞ்சேனை."

தம்பி எழும்பிவிட்டான். "அக்கா, உங்களுக்கு விசரே? பிள்ளையின்ர வாழ்க்கையை நாசமாக்கப் போறீங்களே?"

"அவர் மூட்டை தூக்கித்தான் நீ படிச்சனீ. கோட் போட்டு மறைக்க அந்த மனுசன் என்ன களவெடுத்தவரே?"

மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். தகப்பன் பால்கனிப் பக்கம் பார்த்தார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளுடைய கலியாணத்திலேயே கையை வைத்துவிட்டேன். அவளைத் திரும்பிப் பார்க்கவும் துணிவு வரவில்லை.

"மகளுக்கு என்ன போட?" என்றாள் அந்தப் பிள்ளை.

சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகள் வாசலுக்கு வந்தாள்.

"எனக்கும் அதையே போடுங்கோ, மிஸ்."

பிறகு மாப்பிள்ளையின் தாயைப் பார்த்தாள். "ஆன்ட்டி, கலியாணம் நடக்கிறதெண்டால் இப்பிடியேதான் நடக்கும். விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லிப்போடுங்கோ."