அம்மன் அட்டைக்குள் சாக்சபோன்

சென்னையில் பழைய இசைத்தட்டுகள் விற்கும் ஒருவரிடம்தான் நான் தட்டுகள் வாங்குகிறேன். அவரை நேரில் பார்த்ததில்லை. கைப்பேசியில் படம் அனுப்புவார். வேண்டுமென்றால் நான் ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்புவேன். நான்கு நாளில் விழுப்புரத்துக்குப் பார்சல் வந்துவிடும். எல்லாம் ஜாஸ் தட்டுகள். அமெரிக்காவில் கறுப்பின இசைக்காரர்கள் ஒரு காலத்தில் கடவுளை நினைத்து வாசித்தவற்றை இப்போது மறுபடியும் கனமான தட்டுகளாக அச்சடித்து விடுகிறார்கள். கடைக்காரர் அவற்றை ஆன்மிக ஜாஸ் என்பார். அதில் தொடங்கி, எதையும் முன்கூட்டி முடிவு செய்யாமல் நான்கு பேர் உட்கார்ந்து அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசிக்கும் தட்டுகள் வரை வந்திருக்கிறேன். அரிசி மண்டியில் மூட்டை எடை போடுகிறவன் வீட்டு பீரோவில், புடவைகளுக்குக் கீழே, இப்படி ஒரு சங்கதி இருப்பது மண்டியில் யாருக்கும் தெரியாது. நானாகச் சொல்லவும் மாட்டேன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது.

போன வாரம் அந்தக் கடைக்காரர், "அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. இந்தப் பழக்கம் உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார். தட்டின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் அவரையே படிக்கச் சொல்கிறேனே, அதனால் கேட்டிருப்பார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். "எங்க மாமா வெச்சிருந்தாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வாயில் அவ்வளவுதான் வந்தது. மீதியை எழுதிப் பார்க்கிறேன்.

மாமா அம்மாவின் தம்பி. திண்டிவனத்தில் மைக்செட் கடை வைத்திருந்தார். ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு புனல் குழாய்கள், தட்டு ஓட்டும் பெட்டி, இருமிக்கொண்டே ஓடும் ஒரு ஜெனரேட்டர், இவைதான் கடை. புதுச்சேரிக்குப் போகும் பக்கம் செம்மண் காட்டுக்குள் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரரின் ரெக்கார்டு பிளேயர் நின்றுபோய், மாமா சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி மாட்டி ஓட வைத்தாராம். அந்த வெள்ளைக்காரர் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பும்போது ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தட்டுகளை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் தட்டைப் போட்டதும், தட்டு ஓட்டும் பெட்டியின் வேகம் தப்பாக இருக்கிறது என்றுதான் மாமா நினைத்தாராம். மூன்று வேகத்திலும் ஓட்டிப் பார்த்தாராம். மூன்றிலும் அப்படியேதான் இருந்ததாம். பிறகுதான் உட்கார்ந்து கேட்டாராம். அன்றிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்று அம்மா சொல்லுவாள். கல்யாண வேலை இல்லாத நாட்களில் கடையைச் சாத்திக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருப்பார். பள்ளி விடுமுறையில் நான் அங்கே போனால் நானும் கேட்பேன். பிடித்ததா இல்லையா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

அந்த டிரங்குப் பெட்டிக்குள் ஒரு மழையில் தண்ணீர் புகுந்து, வெள்ளைக்காரர் கொடுத்த அட்டைகள் எல்லாம் கூழாகிவிட்டன. மாமா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கடையில் பக்திப்பாட்டுத் தட்டுகள் நிறைய இருந்தன. முள் பட்டுப் பட்டுத் தேய்ந்து, பாட்டுக்குப் பதிலாக எண்ணெய் காயும் சத்தம்தான் அவற்றில் கேட்கும். அந்தத் தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அட்டைகளுக்குள் ஜாஸ் தட்டுகளைச் செருகிவைத்தார். இதில் இன்னொரு வசதியும் இருந்தது. எங்கள் பக்கத்தில் சாமி படம் போட்ட அட்டை மேல் யாரும் டீ கிளாஸ் வைக்க மாட்டார்கள். கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மாமாவின் தட்டுகளுக்கு அதைவிடப் பெரிய காவல் கிடையாது. அந்த மழைக்குப் பிறகு நான் கடைப் பக்கம் போகவில்லை. இந்த விஷயத்தை அவர் என்னிடம் சொல்லி வைத்திருக்கலாம். சொல்லவில்லை.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். கோலியனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கு எப்போதும் விழுப்புரத்திலிருந்துதான் மைக்செட் வரும். அந்த வருடம் அம்மா நாட்டாண்மை வீட்டு வாசலுக்கே போய் நின்றுவிட்டாள். நானும் கூட நின்றேன்.

"எந்தம்பிய வரச் சொல்றேங்க. ஒரு கொறையும் வராது."

"உந்தம்பியா? வெள்ளக்காரன் பாட்ட போட்டுக்கினு கதவச் சாத்திக்கினு ஒக்காந்துக்கிறானாமே. திண்டிவனமே சிரிக்குது. அதெல்லாம் நம்ம கோயில்ல ஆவாதும்மா."

"போட மாட்டான். அம்மன் மேல சத்தியம். போட்டா என்ன கேளுங்க."

சத்தியம் என்றதும் நாட்டாண்மை இறங்கி வந்தார். "அப்பறம் நடு ஊர்ல நிக்க வெச்சிக் கேப்பேன், பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். அந்த டிரங்குப் பெட்டி ஊர் எல்லைக்குள் வந்தால் ஏரியில் கிடக்கும் என்று.

மாமா பெட்டியோடுதான் வந்தார். கடைக்கூரை ஒழுகுகிறதாம், விட்டுவிட்டு வர மனசில்லையாம். கோயில் பக்கத்து வேப்பமரத்தில் புனல் குழாய்களைக் கட்டினார். மரத்தடி மேசையில் செட்டை வைத்தார். மேசைக்குக் கீழே டிரங்குப் பெட்டியைத் தள்ளி, கோணியைப் போட்டு மூடினார். அம்மா அந்தப் பக்கம் வந்தபோது கோணி மேல் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. பம்பைக்காரர்கள் அடித்துப் பாடி, யார் மேலாவது அம்மன் வந்து இறங்கினால்தான் கரகத்தைத் தூக்கலாம். கரகம் எழும்பினால்தான் கூழ் ஊற்றலாம். அன்றைக்குப் பம்பைக்காரர்கள் கெடார் பக்கத்திலிருந்து வர வேண்டும். வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. பெண்கள் கேப்பைக் கூழ்க் குடங்களோடு வரிசையாக நின்றார்கள். போன வருடம் மழை பொய்த்து மல்லாட்டைப் பயிர் முழுக்கக் காய்ந்துபோயிருந்ததால் எல்லோர் முகத்திலும் ஒரு பயம் இருந்தது. நாட்டாண்மை, "அவனுங்க வர்ற வரைக்கும் அம்மன் பாட்டாவது ஒண்ணு போடுப்பா" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் இரும ஆரம்பித்தது. மாமா அதைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே கத்தினார். "மாப்ள, மேச மேல சின்னப் பெட்டியில அம்மன் பாட்டு இருக்குது. எடுத்துப் போட்டு முள்ள வைடா!"

சின்னப் பெட்டியில் இருந்தது. ஆனால் அந்த அட்டை கிழிந்து, அம்மனுக்கு ஒரு கை இல்லாமல் இருந்தது. எங்கள் அம்மனுக்கு இதையா போடுவது என்று தோன்றியது. கோணியை விலக்கிப் பார்த்தேன். டிரங்குப் பெட்டியில் மேலாகவே, தங்க நிறத்தில், சிங்கத்தின் மேல் எட்டுக் கையோடு ஒரு அம்மன். அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தட்டை வைத்தேன்.

முதலில் மணி ஒலித்தது. சின்னச் சின்ன மணிகள். பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஏதோ ஒரு பெரிய கம்பி தொம் தொம் என்றது. அதன் மேல் சாக்சபோன் கத்தியது. கொஞ்சமாக இல்லை, இரண்டு புனல் குழாயிலும், முழு ஊருக்கும். வேப்பமரத்துக் காக்கைகள் ஒன்று விடாமல் கிளம்பிப் போயின. பூசாரி கையில் கற்பூரத் தட்டு சாய்ந்தது.

"கன்னுக்குட்டி எங்கியோ மாட்டிக்கிச்சிடா" என்று ஒருவன் சொல்ல, இளவட்டங்கள் சிரித்தார்கள். நாட்டாண்மை சிரிக்கவில்லை. துண்டை உதறிக்கொண்டு வந்தார். என் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். அதில் அம்மன் இருந்தாள். புனல் குழாயைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறகு பெண்கள் வரிசைப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா! அம்மன் மேல சத்தியம் பண்ணியே, இதுதானா?"

மொத்த ஊரும் அம்மாவைப் பார்த்தது. எனக்கு டவுசர் நனைந்துவிட்டது. மாமா கையெல்லாம் கிரீஸோடு ஓடிவந்து முள்ளைத் தூக்கக் கையை நீட்டினார்.

அம்மா தலையிலிருந்த கூழ்க் குடத்தை மெதுவாக இறக்கி வைத்தாள். அது சாயாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு கல்லை அணைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அதற்கப்புறம்தான் அலறினாள். தலைமுடி அவிழ்ந்து விழ, சுற்றி நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு கோயில் முன்னால் வந்து ஆடத் தொடங்கினாள். அதற்கு முன் அம்மா மேல் சாமி வந்து நான் பார்த்ததே இல்லை.

"ஆத்தா வந்துட்டா!" என்று பூசாரி கத்தினார். "டேய், பாட்ட நிறுத்திடாத! ஆத்தா ஆடும்போது நிறுத்தினா குத்தமாயிடும்!"

மாமாவின் கை அந்தரத்திலேயே நின்றது.

தட்டு ஓடியது. சாக்சபோன் கெஞ்சியது, சண்டை போட்டது, மேலே மேலே ஏறியது. அம்மாவும் அதற்கு ஈடுகொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பம்பைக்காரர்கள் ஓடிவந்தார்கள். அவர்களில் மூத்தவர் தலையைச் சாய்த்து, பத்து எண்ணும் நேரம் அசையாமல் நின்று கேட்டார். பம்பையைத் தோளில் மாட்டி, சாக்சபோன் மூச்சு வாங்கிய இடத்தில் அடித்து உள்ளே புகுந்தார். அந்த நிமிடத்திலிருந்து அது யார் பாட்டு என்று சொல்ல முடியாமல் போயிற்று.

பூசாரி அம்மா முன்னால் விழுந்து, "தாயே, இந்தப் பாட்டு உனக்குச் சம்மதம்தானா?" என்று கேட்டார். அம்மா மூன்று தடவை தலையை ஆட்டினாள். பூசாரி கையிலிருந்த விபூதியை வாங்கி முதலில் நாட்டாண்மை நெற்றியில் ஓங்கி அடித்தாள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் விழுந்து கும்பிட்டார். கரகம் எழும்பியது. குலவைச் சத்தத்தில் தட்டு முடிந்து முள் உரசுவதுகூடக் கேட்கவில்லை. அம்மா அப்படியே சாய்ந்தாள். பெண்கள் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் தெளித்தார்கள்.

எனக்கு உதை விழும் என்று மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். யாரும் அடிக்கவில்லை. யாரும் திட்டவில்லை. நாட்டாண்மை வந்து, அட்டையை இரண்டு கையாலும் மாமாவிடம் கொடுத்தார்.

"இன்னா பாட்டுப்பா இது?"

"அம்மன் பாட்டுதாங்க. வடக்கத்தி அம்மன்."

"அதானே பாத்தேன். அடுத்த வருசமும் இதையே போடு. மாத்தக் கூடாது."

பம்பைக்காரர் மட்டும் தனியாக மாமாவின் காதருகே வந்து, "அந்த நாயனக்காரன் எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். "அமெரிக்கா" என்றார் மாமா. "இருக்கும். நம்ம பக்கத்துல எவனுக்கும் அவ்ளோ மூச்சு கெடையாது" என்று சொல்லிவிட்டு அவர் கூழ் குடிக்கப் போனார். மாமா டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து மூன்று சொம்பு கூழ் குடித்தார். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துத் தன் சொம்பிலிருந்து எனக்கும் கொடுத்தார்.

அந்தத் தட்டு பிறகு ஒரு கோடையில் வெயில் பட்டு அப்பளம் மாதிரி வளைந்து போயிற்று. அதன் நடுவில் ஒட்டியிருந்த காகிதமும் முன்பு பெட்டி நனைந்த மழையிலேயே போய்விட்டதால் வாசித்தவர் யார் என்று மாமாவுக்கும் தெரியாது. இப்போது மறுபதிப்பாக வரும் எந்தத் தட்டாவது மணிச்சத்தத்தில் தொடங்குகிறது என்று கடைக்காரர் சொன்னால் வாங்கிவிடுவேன். இதுவரை ஏழு வாங்கியாயிற்று. எதுவும் அது இல்லை.

கூழ் ஊற்றிய அன்று சாயங்காலம் அம்மா வீட்டில் பாயில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். மாமா நல்லெண்ணெய் தொட்டு அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். காலையில் சாமியாக இருந்தவள் ஆயிற்றே, அதனால் காலைத் தொடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அம்மா, "எவ்ளோ நேரம்டா ஓடும் அது?" என்று கேட்டாள்.

"ஒரு பக்கம் இருவது நிமிசத்துக்கு மேல வரும்க்கா."

"நடுவுல ஒருவாட்டி அடங்கிச்சே, உட்டதுடா சாமின்னு நெனச்சேன். திரும்பப் புடிச்சிக்கினான் பாவி."

"மூச்சு வாங்க உடுவாங்கக்கா. அப்பறம் முன்னவிட ஜாஸ்தியா ஆரம்பிப்பாங்க."

"அடுத்த வருசமும் இதானாமே." அம்மா ஒரு காலை மடக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "சின்னதா ஒண்ணும் இல்லியாடா உங்கிட்ட?"

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஏரியில் போடுவேன் என்றவள் இப்போது இன்னொரு தட்டு கேட்கிறாள். ஓடிப்போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கை கொண்டமட்டும் அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் பரப்பினேன். "சின்னது ஒண்ணும் இல்லம்மா, எல்லாமே பெருசுதான். இதப் பாரேன், இதுக்குள்ள ஒண்ணு ரெண்டு பக்கமும் ஒரே பாட்டு" என்றேன்.

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் அடக்க முடியாமல் இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அவர்களோடு நானும் சிரித்தேன், அவர்களைவிடச் சத்தமாக. இனி எங்கள் குடும்பத்தில் இந்தப் பாட்டைக் கேட்க மூன்று பேர் இருக்கிறோம் என்ற நினைப்பில்.