அக்கா வாய்விட்டுச் சொல்ல மறுத்த எண்

"…நீ காலப் புடிச்சிகினு கெஞ்சினாலும் சரி நைனா, நம்பர மட்டும் வாயால சொல்லமாட்டேன். அந்த கலெக்டரே வந்து நின்னாலும் சொல்லமாட்டேன், அமெரிக்காக்காரி கேட்டாலும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா கைப்பேசியை ஐஸ் பெட்டி மூடியின்மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவிழ்ந்து கிடந்த கைப்பேசிக்குள்ளிருந்து, "ஹலோ? மேடம்? லைனில் இருக்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. அது அமெரிக்க வரி அலுவலகத்து அதிகாரியின் குரல். கடல் கடந்து, எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் அக்கா வீட்டு முன்னறை வரைக்கும் வந்து சேர்ந்த அந்தக் குரலைத்தான் அக்கா கருவாட்டைக் காயப்போடுவது மாதிரி கவிழ்த்துப் போட்டிருந்தார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. நானும் அவரும் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறோம். நான் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லாரி எடை போடும் இடத்தில் வேலை பார்ப்பவன். பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்கப்புறம் கற்றதெல்லாம் மற்றவர் வாயைப் பார்த்துக் கற்றதுதான். யாராவது நன்றாகப் பேசினால் எனக்கு அங்கிருந்து கால் நகராது. அக்காவை முதன்முதலில் பார்த்தது எண்ணூர் போகிற ஷேர் ஆட்டோவில். ஆறு பேர் உட்காரும் வண்டியில் இன்னும் ஒருவரை ஏற்றப் பார்த்த ஓட்டுநரிடம், "இன்னா நைனா, வண்டிக்கு வயிறு கியிறு கீதா, உள்ள தள்ளத் தள்ள உப்பிகினே போவுமா?" என்று கேட்டார். நான் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"போட்டோ புடிக்கிறியா?"

"இல்லக்கா. நீ பேசுனத எழுதிகினு கீறேன்."

"எழுதி இன்னா பண்ணப் போற? என் கொரலு இல்லாம என் பேச்சு செத்த மீன் மாரி கெடக்கும்."

அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் நிகழ்ச்சி. அவர் வீட்டில் கதவைச் சாத்தி, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, இரண்டு கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் கிடைக்கிற அமைதியில் பதிவு செய்வோம். அனல்மின் நிலையத்து இரைச்சல் எப்படியும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதை நீக்கி ஒரு முறை வெளியிட்டபோது, கப்பலில் வேலை செய்கிற ஒரு தம்பி, "ஊர் சத்தத்த எங்கண்ணா காணோம்?" என்று சண்டைக்கே வந்துவிட்டான். கேட்பவர்களில் பாதிப் பேர் அப்படித்தான், வெளிநாட்டில் இருக்கிற நம் பக்கத்து ஆட்கள். அக்காவிடம் திட்டு வாங்கினால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும்.

அப்போதெல்லாம் அக்கா எறா ஷெட்டில் வேலை பார்த்தார். விடியற்காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் கையை விட்டு இறாலை உரித்துக்கொண்டே இருக்க வேண்டும். விரலிடுக்கெல்லாம் சேத்துப்புண். நகங்கள் அடியோடு கறுத்துவிட்டன. இனியும் ஐஸில் கையை வைத்தால் விரலுக்கு உத்தரவாதம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் கேட்பவர்கள் மாதச் சந்தா கட்டத் தொடங்கினார்கள். அந்தச் சந்தாதான் அக்காவின் கையை ஐஸ் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தது. அவருடைய வங்கிக் கணக்கு, அவருடைய பெயர். நிகழ்ச்சியே அவருடைய தொண்டை என்பதால் எல்லாவற்றையும் அவர் பெயரிலேயே போட்டிருந்தோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, சந்தாவை வசூலித்துத் தருகிற அமெரிக்கக் கம்பெனியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அமெரிக்காவில் தொழிலுக்கென்று தருகிற வரி எண்ணை நிகழ்ச்சியின் உரிமையாளர் வாங்கிக் கொடுக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் சந்தா வாங்குவது நிறுத்தப்படும். நான் மூன்று முறை படித்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, பேயறஞ்ச மாரி ஆயிட்ட?"

சொன்னேன்.

"நாம இன்னா அமெரிக்காலயா கட போட்டுகினு கீறோம்? எண்ணூர்ல உக்காந்து பேசுனா அங்க எதுக்குடா வரி நம்பரு?"

எனக்கும் தெரியவில்லை. துறைமுகத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் வருகிற யோசனை ஒன்றுதான்: யாரைப் பிடிப்பது? ஒரு பெட்டி வெளியே வர வேண்டுமென்றாலும் ஏஜெண்ட், உள்ளே போக வேண்டுமென்றாலும் ஏஜெண்ட். அதனால் ராயபுரத்தில் ஏற்றுமதிக் காகிதம் பார்க்கிற ஒருவரிடம் போனேன். "ஆள் கீறான் பாய், கொஞ்சம் செலவாவும்" என்றார். எவ்வளவு ஆகும் என்று அவர் சொன்னதும் எனக்கு அங்கேயே நாற்காலி தேவைப்பட்டது. அக்காவிடம் வந்து சொன்னபோது அவர் கை தானாகக் காதுக் கம்மலுக்குப் போனது.

கம்மல் பிழைத்ததற்குக் காரணம் எங்கள் நேயர் ஒருவர். அமெரிக்காவில் நர்சாக இருக்கிற தண்டையார்பேட்டைப் பெண். "யாருக்கும் ஒரு பைசா குடுக்காதீங்கண்ணா. அது சும்மாதான் குடுக்குறாங்க. வெளிநாட்டுக்காரங்க கம்ப்யூட்டர்ல போட முடியாது, பேக்ஸ் அனுப்பணும், இல்லன்னா போன் பண்ணணும். போன் பண்ணா அப்பவே சொல்லிடுவாங்க" என்று குரல்செய்தி அனுப்பியிருந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மின்னஞ்சலைவிட இதுதான் எங்களை அதிகம் கலக்கியது.

"சும்மாவா?" என்றார் அக்கா. "கெவுர்மெண்ட் ஆபீஸ்ல? போன்ல? ஜெராக்ஸ் கூட இல்லாம?"

"அப்டித்தான் சொல்லுது அந்தப் பொண்ணு."

"சும்மா குடுக்குறான்னா அதுல இன்னாவோ கீதுடா."

பேக்ஸ்தான் பாதுகாப்பு, கையில் காகிதம் இருக்கும் என்று அவர் சொன்னதால் திருவொற்றியூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு மேசைக்கு அடியில் காட்டினார். பேக்ஸ் இயந்திரத்தின்மேல் லேமினேஷன் இயந்திரம் உட்கார்ந்திருந்தது. "முட்டு குடுக்கத்தான் வச்சிகினு கீறேன்" என்றார்.

ஆக, போன்தான். அங்கே காலையில் அலுவலகம் திறக்கும்போது இங்கே சாயங்காலம். முதல் நாள் போட்டவுடன் பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று, இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம் என்றது. நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார்.

"நம்மளயே ரெக்கார்டு பண்றானா?"

"அக்கா, நாம ஊரையே ரெக்கார்டு பண்ணிகினு கீறோம்!"

"நாம கேட்டுகினு பண்றோம்டா. இவன் சொல்லிட்டு பண்றான்."

ஒரு நாள் போயிற்று. மறுநாள்தான் மாதக் கடைசி.

அன்று வெளிநாட்டு அழைப்புக்கு இருந்த ரீசார்ஜ் பாதி, காத்திருப்பதிலேயே கரைந்தது. அதே இசை திரும்பத் திரும்ப ஓடியது. "இன்னாடா இது, கல்யாண மண்டபத்துல பந்திக்கு வுட மாட்டேங்கிற மாரி கீது" என்று அக்கா முனகினார். பிறகு ஒரு பெண் பேசினார். முதல் வார்த்தையே, இவ்வளவு நேரம் காக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்பதுதான். மொழிபெயர்த்தேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஆபீசரு மன்னிப்பு கேக்குறாளா? இவ ஒரிஜினலே இல்லடா, நைனா."

"கொஞ்சம் சும்மா இருக்கா."

நான் சொல்ல, அக்கா பக்கத்திலிருந்து ஆமாம் போட, கேள்விகள் நகர்ந்தன. அமெரிக்கக் குடிமக்களுக்கு இருக்கும் எண் அக்காவுக்கு இல்லை என்றதும், பரவாயில்லை, வெளிநாட்டவர் என்று போட்டுக்கொள்கிறேன் என்றார் அந்த அதிகாரி. இல்லை என்று சொன்னதற்கு, போய் வாங்கிக்கொண்டு வா என்று சொல்லாத அலுவலகத்தை வாழ்க்கையில் அன்றுதான் கேட்டேன். கடைசிப் பெயர் என்ன என்றார். அக்காவிடம் இருப்பது அப்பாவின் ஒரே ஓர் எழுத்துதான், அதுவும் முன்னால். அப்பா பெயரைக் கடைசியில் போடப் போகிறார்கள் என்றேன். "எங்கப்பா ரேஷன் கடையிலயே கடசில நின்னதில்லடா. சரி, போடச் சொல்லு" என்றார். என்ன தொழில் என்ற கேள்வியை மொழிபெயர்த்தபோது, "வாயாடுறதுன்னு சொல்லு" என்றார். ஒலி நிகழ்ச்சி என்று சொல்லி வைத்தேன்.

பிறகு அந்த அதிகாரி, எழுத ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஐஸ் பெட்டி வெள்ளைத் தெர்மாகோல். அக்கா ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அதன் மூடியிலேயே எழுதினார். அந்தப் பெண் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல, எறா ஷெட்டில் தட்டுக் கணக்குப் போட்ட கை, கொட்டை கொட்டையாக ஒன்பது இலக்கம் எழுதியது. அவ்வளவுதானா? கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, நாளைக்கு வா இல்லை.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். "உரிமையாளர் அந்த எண்ணை ஒரு முறை எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டட்டும். அவர் குரலில் கேட்க வேண்டும்" என்றார் அதிகாரி.

மொழிபெயர்த்தேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. நீ காலைப் பிடித்தாலும் சொல்லமாட்டேன் என்று அவர் சொன்னதும், கைப்பேசி கவிழ்ந்ததும் அப்போதுதான்.

காரணம் எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. அக்காவின் தங்கை எர்ணாவூரில் இருக்கிறார். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று ஒருவன் மரியாதையாக, இனிமையாக, மேடம் மேடம் என்று பேசி, போனுக்கு வந்த எண்ணைப் படித்துக் காட்டச் சொன்னான். படித்தார். மகள் காலேஜுக்கு வைத்திருந்தது அத்தனையும் அவர் கண் முன்னாலேயே போய்விட்டது. அன்று அக்கா அழுதுகொண்டே பேசிய பதிவுதான் இன்றுவரை எங்கள் நிகழ்ச்சியில் அதிகம் பேர் கேட்டது. "எவன் கேட்டாலும் சரி, எவ்ளோ நல்லவனா பேசுனாலும் சரி, நம்பர வாயால வுடாத. வுட்டா என் மூஞ்சில முழிக்காத" என்று அதில் சத்தியம் வாங்கியிருந்தார்.

"ஊருக்கெல்லாம் சத்தியம் வாங்கிட்டு நானே சொல்லட்டுமா?" என்றார் இப்போது. "அவனும் இப்டித்தான்டா மேடம் மேடம்னு பேசுனான்."

கவிழ்ந்த கைப்பேசியிலிருந்து மறுபடியும் குரல். நான் குனிந்து, ஒரு நிமிடம், மேடம் கொஞ்சம் பயப்படுகிறார்கள் என்றேன். அதற்கு அந்தப் பெண், "அவசரம் இல்லை. அந்த எண் ஏற்கெனவே அவருடையதுதான். சரியாக எழுதிக்கொண்டாரா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்" என்றார். அவருக்கு அவசரமில்லை. ரீசார்ஜுக்கு இருந்தது.

"அக்கா, நம்பரு அவகிட்டயே கீது. அவதான் குடுத்தா."

"தெரிஞ்சத எதுக்கு மறுபடி கேக்குறா?"

காசிமேட்டில் எத்தனையோ காலைகளில் அக்கா மீன் எடுக்கப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய ஏலம்தான் ஞாபகம் வந்தது.

"ஏலத்துல கூவுறவரு ரேட்டு சொல்லி முடிச்சிட்டாருன்னா, எடுத்தவ இன்னா பண்ணுவா?"

அக்கா ஸ்கெட்ச் பேனாவை எடுத்து மூடினார்.

"சொல்லுக்கா. சும்மா நிப்பாளா?"

"…எடுத்த ரேட்ட அவளும் சத்தமா சொல்லணும்" என்றார் மெதுவாக. "சொல்லலன்னா பக்கத்துல நிக்கிறவ கூடைய வச்சிடுவா."

"அவ்ளோதான் இது. அவ கூவிட்டா. நீ எடுத்துட்ட. உன் கொரலு கேட்டாதான் உன் பேருல ஏறும்."

வெளியே ஒரு கண்டெய்னர் லாரி போனது. வீடு அதிர்ந்து நின்றது. அக்கா மூடியின்மேல் எழுதிய எண்ணைப் பார்த்தார். அதற்குப் பக்கத்திலேயே அவர் கை இருந்தது. கறுத்த நகங்களின் அடியில் இப்போதுதான் வெளுப்பாக, புதிதாக நகம் ஏறிக்கொண்டிருக்கிறது. அவர் அதையும் பார்த்தார்.

"இத்த மட்டும் நீ ரெக்கார்டு பண்ணக் கூடாது" என்றார்.

"பண்ணல."

"எழுதவும் கூடாது, நம்பர."

"எழுதல." இன்றுவரை அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிறேன், இங்கேயும்.

அக்கா கைப்பேசியை நிமிர்த்தினார். முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏலத்தில் கூட்டத்துக்கு மேலே எழும்புமே, அதே குரலில், பஸ் நம்பரிலும் போன் நம்பரிலும் பழகிய ஆங்கிலத்தில், ஒவ்வொரு இலக்கத்துக்கும் நடுவில் மூச்சு விட்டு, ஒன்பதையும் கூவினார். தெருவில் குழாயடியில் நின்ற பெண்கள் இரண்டு பேர் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம், சரி என்று சொல்வது என் காதில் விழுந்தது. அக்காவுக்கு அது போதவில்லை போலிருக்கிறது. ஏலத்தில் செய்வது போலவே, இன்னும் உரக்க, முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னார்.