கறுத்துவிட்ட மண்

மண் கறுக்கக் கறுக்க ஒடிலுக்குப் பயம் கூடியது. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் வாகடூகு நகரத்தின் ஓரத்தில் அவள் சோளம் போடும் வயல் நிலக்காரர் கூகாவுடையது. குத்தகை கிடையாது, அறுவடைக்கு ஒரு கூடை சோளம் கொடுத்தால் போதும். பெண்பிள்ளைக்கு இரவல் கொடுக்க மட்டும் எங்கிருந்துதான் கட்டாந்தரை அகப்படுமோ! அது தேறியதும் நிலத்துக்கு உரியவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிடும்.

நகரத்துக் குப்பையை லாரிக்காரனிடம் கெஞ்சி வாங்கி, குழியில் மக்கவைத்து, சலித்து, நாலைந்து வருஷமாகக் கொட்டியவள் அவள்தான். ஒரு வருஷம் விட்டாலும் வெயில் அந்தச் சத்தைத் தின்றுவிடும். மண்வெட்டி தெறித்த தரை இப்போது கையில் பொலபொலவென்று உதிர்கிறது. அவள் பிள்ளைகளின் வருஷச் சாப்பாடு அதில்தான்.

முதல் மழை பெய்து இரண்டு நாளில், கூகா வயலைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஒடில் முன்னாலேயே ஓடிப்போய், சலித்து ஒதுக்கிய பிளாஸ்டிக் பைகளையும் அறுந்த செருப்புகளையும் வயல் முழுக்க இறைத்தாள். குப்பைமேடு என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விடட்டும்.

அவள் சாமோ, அவர் மொசி. இந்த இரண்டு இனத்தாரும் சந்தித்தால் ஒருவரையொருவர் அடிமை என்று கேலி செய்தே ஆகவேண்டும், கோபப்படக் கூடாது. கூகா வண்டியை நிறுத்தும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன அடிமை, நாய்க்கறி தின்னாச்சா?"

"தின்னேன். உன் தாத்தாவை வித்த காசுலதான்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். இவர் கேலி பேசுகிறவரை பயமில்லை என்று ஒடில் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பக்கத்து வயல்களெல்லாம் அதற்குள் காய்ந்து வெளுத்திருந்தன. இது மட்டும் இன்னும் ஈரமாகக் கிடந்தது. பாவம், அதை அவள் எதைப் போட்டு மறைப்பாள்? கூகா ஒரு பையைக் காலால் ஒதுக்கி, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்தார்.

"அடிமை நல்லாத்தான் சமைச்சிருக்கா. எஜமான் உட்கார்ந்து சாப்பிட வேணாமா? இந்த மழைக்கு என் மகன் விதைக்கட்டும். நீ அந்தக் கட்டாந்தரைச் செம்மேட்டுக்குப் போ. அங்கயும் இதே மாதிரி பண்ணிடுவ."

கேலிக்குச் சிரிப்பதுதான் முறை. ஒடில் சிரித்தாள்.

கூகா சிரிக்கவில்லை.