கல்லுக்குள் ஒரே வழி

ஜோர்தான் பாலைவனத்தில் எனக்குக் கல் கழுவுகிற வேலை. பூமியைத் துளைத்து எடுத்த நீள உருளைக் கற்கள். காய்ந்த கல்தான். ஆனால் உரசினால் மண்ணெண்ணெய் மணக்கும். சூடாக்கினால் எண்ணெய் கசியும் என்றார்கள்.

ஒரு துளையால் கொதிக்கும் ஆவியை உள்ளே விடுவார்கள். சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் ஏற வேண்டும். ஏறினால் வேலை நீளும். ஊரில் மகளின் வீட்டுக்குச் சுவர் எழும்பி நின்றது. கூரை ஏறவில்லை. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு இல்லாமல் நிக்காஹ் இல்லை.

கிழக்குக் கிணற்றில் கொஞ்சம் எண்ணெய் வந்தது. பிறகு வெறும் ஆவி வந்தது. மற்றக் கிணறுகள் குளிர்ந்தே கிடந்தன. இஞ்சினியர் சொன்னார், கல் முழுக்க ஒரே மாதிரி இல்லையாம். அடுக்கடுக்கான கல்லில் ஒரு படை ஆவியை விடும், அடுத்த படை விடாது. ஆவி லேசான வழியால் ஓடிவிடும். மற்றக் கல் வேகாது, எண்ணெயும் அதற்குள்ளேயே கிடந்துவிடும்.

கையிலிருந்த பிளேன்டீயை ஒரு கல்லில் சிந்திப் பார்த்தேன். படை படையாக ஓடிய கோடுகளில் ஒன்று குடித்தது. பக்கத்துக் கோட்டில் துளி உருண்டு நின்றது. தேத்தண்ணி ஆறும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வெறுங்காலோடு நிற்பேன். கீழே ஆவி நடந்து போவதுபோல் இருக்கும். கல்லுக்குள் இருட்டான வீடு. நிறைய அறைகள். ஒரு கதவுதான் திறந்திருக்கிறது. அது நேரே நடந்து வெளியே போய்விடும். மற்ற அறைகளில் யாரோ உறங்குவார்கள்.

என் வீட்டுக்காரி போனில் வயலைப் பற்றிக் கதைத்தாள்.

"கடைசி வயலுக்குத் தண்ணி பாயுதில்ல. வரம்பில நண்டு ஓட்டை. எல்லாம் அதாலதான் போகுது."

"இஞ்சயும் அதுதான் புள்ள."

விளக்கிச் சொன்னேன்.

"அப்ப சேத்த வெச்சி அடைங்களன்."

"கையெட்டாது."

"அரபி நாட்டுக்குப் போயும் நண்டுதானா உங்களுக்கு" என்று சிரித்தாள்.

அடைக்கத்தான் பார்த்தார்கள். கூழ் மாதிரி ஒன்றை உள்ளே இறக்கினார்கள். கிழக்குக் கிணறு நின்றது. மற்றவை கொஞ்ச நாள் எண்ணெய் வியர்த்தன. பிறகு ஆவி வேறொரு வெடிப்பால் போய்விட்டது. வேலையை மூடினார்கள்.

ஊரில் வந்து இறங்கியபோது மாரி மழை. கூரையில்லாத வீட்டுக்குள் நின்றேன். சுவரில் ஒரு கல் நனைந்து கறுத்திருந்தது, பக்கத்துக் கல் வெளிறியிருந்தது. வீட்டுக்காரி குடையோடு வந்தாள்.

"ஓட்டுக்குக் காசு காணாது. கூரைக்குத் தகரம் போடுவம்" என்றேன்.

"ஓம்" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டாரும் தகரத்துக்குச் சம்மதித்தார்கள். இப்போது மழை பெய்தால் தகரச் சத்தத்தில் மகள் வீட்டில் கதைப்பது கேட்காது. நான் பாயில் சாய்ந்து கண்ணை மூடுவேன். மணலுக்குக் கீழே ஏதோ மெல்ல நடந்து போகும்.