உரல்கள் மலை இறங்கிய நாள்

அந்த ஊற்றுத் தண்ணீரில், நனைந்த சிலேட்டின் வாசம் வரும். உப்புக் கரிக்கும் கல்முனைக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த எனக்கு அதைக் குடிக்கக் குடிக்க ஆசை தீராது. தொண்ணூறுகளில் பள்ளி விடுமுறை விட்டால், சம்மாந்துறை வரை பஸ், பிறகு டிராக்டர் பெட்டி, பிறகு ஏற்றம் முழுக்க நடை என்று உம்மாவின் மலையூருக்குப் போய்ச் சேர்வோம். கொஞ்சம் வீடுகள், ஒரு பள்ளிவாசல், ஒரே ஊற்று; அவ்வளவுதான் ஊர்.

கோடையில் ஊற்று மெலிந்தால் அங்கே யாரும் உரலில் இடிக்க மாட்டார்கள். நிலம் அதிர்ந்தால் தண்ணீர் பயந்து உள்ளே போய்விடுமாம். "மண்ணுக்கும் உசிர் இரிக்கி" என்பார்கள்.

அப்படியொரு கோடையில்தான் உம்மாவின் தங்கை, என் சாச்சிக்குக் கலியாணம் வந்தது. ஏற்கெனவே தள்ளிப்போன கலியாணம். கல்முனை மாப்பிள்ளை மலையேறி வந்து குடியிருக்கச் சம்மதித்ததே பெரிது. விருந்துக்குத் தண்ணீரும் வேண்டும், பலகாரத்துக்கு மாவும் இடிக்க வேண்டும். முன்கூட்டியே வந்திறங்கிய மாப்பிள்ளையின் தாய் சிரித்தார்.

"உலக்கைக்குப் பயந்து ஓடுற தண்ணியா? மில் மாவில பலகாரம் எங்களுக்குச் சரிவராதுகா. இடிக்க மாட்டீங்கெண்டா மழை வரட்டும், நாளத் தள்ளுங்க."

சாச்சி முகம் சுண்டி உள்ளே போய்விட்டா. பக்கத்து வீட்டு ஆயிஷா மாமிதான் சொன்னா: "தண்ணி ஓடுமெண்டா உரல ஓட்டுவம். வாங்ககா!"

மறுநாள் விடியலில் ஊரின் உரல்களெல்லாம் தோளிலும் கம்பிலுமாக மலை இறங்கின. சாச்சி வீட்டோடு கதைக்காமல் இருந்த வீட்டு உரல்கூட வந்தது. அடிவாரத்து வயல் களத்தில் பொழுதெல்லாம் இடி, பாட்டு, கேலி. ஆயிஷா மாமி மாப்பிள்ளையின் தாயையும் விடவில்லை: "மகனக் குடுக்கிற வீடெண்டா நீங்களும் ஒரு உலக்க பிடிங்க ராத்தா." அவரும் முந்தானையைச் செருகிக்கொண்டு பிடித்தார்.

கலியாணக் காலையில் ஊற்று நிறைந்து வழிந்தது. முந்தின நாள் முழுக்க ஊரே கீழே கிடந்ததால் யாரும் அள்ளவில்லை, அதனால் நிறைந்தது என்று படித்த என் புத்தி சொல்கிறது. சொல்லட்டும், கலியாணம் நடந்தது.

அண்மையில் போனேன். வீட்டுக்கு வீடு குழாய், எந்தக் கோடையிலும் தண்ணீர். மண்ணைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. சாச்சி வீட்டில் இருந்தபோது பாட்டுச் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டில் கலியாணம் என்பது ஒலிபெருக்கி போட்ட பிறகுதான் சாச்சிக்கே தெரிந்தது.