பெயரில்லாத கல்லுக்குப் பூ

டோனகல் வந்திருக்கிறேன். அயர்லாந்திலேயே அழகான கடற்கரை இதுதான் என்று ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்யும் நர்ஸுகள் சொல்லி அனுப்பினார்கள். பச்சை மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அழகுதான்.

கடலோரத்தில் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். ஒரு பெண்மணி, பெயரில்லாத ஒரு கல்லின் முன்னால் பூ வைத்துக்கொண்டிருந்தார். உங்கள் உறவா என்று கேட்டேன்.

"யாரென்றே தெரியாது. கரை ஒதுங்கிய உடம்பு. அவன் அம்மாவால் வர முடியாதே, அதனால் நான் வருகிறேன்" என்றார்.

என் தம்பி பழவேற்காட்டிலிருந்து கடலுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. படகு மட்டும்தான் கரைக்கு வந்தது.

அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தேன். நைனா எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

"உங்கம்மாவும் இத்தத்தான் பண்ணினுகீறா."

"இன்னா நைனா சொல்றே?"

"வெள்ளிக்கெழமையானா நம்மூருல அந்தக் காலத்துல செத்துப்போன டச்சுக்காரங்க கல்லறைக்குப் போறா. கேட்டு பூட்டியிருந்தா கம்பி வழியா பூவ உள்ள போட்டுட்டு வரா. ஏன்னு கேட்டா, 'அவுங்களும் எவளோ பெத்த புள்ளைங்கதானே, நாம பாத்துக்கினா நம்ம புள்ளய எவளாவது பாத்துக்குவா'ன்றா. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டா."

போனை வைத்துவிட்டு அழுதேன். அந்தப் பெண்மணி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். எதற்கு அழுகிறாய் என்று கேட்கவேயில்லை.

அம்மா பேஸ்புக்கில் இல்லை. ஊர்க்காரர்கள் யாரும் தயவுசெய்து இதை அவளிடம் படித்துக் காட்டிவிடாதீர்கள். நைனாவுக்குத்தான் திட்டு விழும்.